தன்பாலின இணையரும் குடும்ப வன்முறைச் சட்டமும்



குடும்ப வன்முறை என்றதும் அடிக்கும் கணவனும் அடிபடும் மனைவியுமே நம் நினைவுக்கு வருகின்றனர். பெரும்பாலான வீடுகளில் உண்மை நிலையும் அதுவே. ஆயினும் இரு பெண்களோ இரு ஆண்களோ இணையராக வாழும் வீடுகளிலும் கை ஓங்கப்படுகிறது; சம்பளம் பறிக்கப்படுகிறது; நள்ளிரவில் ஒருவர் வெளியே தள்ளப்பட்டுக் கதவு தாழிடப்படுகிறது. அங்கே கூடுதலாக ஓர் ஆயுதமும் உண்டு. "நீ யார் என்பதை உன் அப்பாவிடமும் அலுவலகத்திலும் சொல்லிவிடுவேன்" என்ற மிரட்டலே அது. ஊரறியாமல் வாழ்பவருக்கு வேலை, வாடகை வீடு, பெற்றோர் மூன்றும் ஒரே நாளில் பறிபோக அது போதும். திரும்பிப் போகத் தாய்வீடும் இல்லாதவர் அடியைப் பொறுத்துக்கொண்டு அங்கேயே இருந்துவிடுகிறார்.

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் பாதுகாப்பு ஆணை, வசிப்பிட ஆணை, பண நிவாரணம் ஆகியவற்றை வழங்குகிறது. 'பாதிக்கப்பட்டவர்' என்னும் தமிழ்ச் சொல்லில் ஆண், பெண் வேறுபாடு இல்லை. சட்டமோ அச்சொல்லுக்குப் பெண் என்றே பொருள் வரையறுக்கிறது. எனவே ஆண் இணையர்க்கு அங்கே இடமில்லை. பெண் இணையர்க்காவது உண்டா? 'வயதுவந்த ஆண்' மீதே புகார் அளிக்கலாம் என்றிருந்த நிபந்தனையை உச்சநீதிமன்றம் 2016இல் நீக்கியது. பெண் மீதும் புகார் செய்யலாம். ஆனால் 2013இல் இந்திரா சர்மா வழக்கில் அதே நீதிமன்றம், தன்பாலின உறவு 'திருமணத்தை ஒத்த உறவு' ஆகாது எனக் கூறியிருக்கிறது. விளைவு விந்தையானது. தன்பாலின ஈர்ப்புள்ள பெண் ஒருவர், தம்மை அடிக்கும் தந்தை மீதும் தாய் மீதும் இச்சட்டத்தின்கீழ் புகார் அளிக்கலாம். உடன்வாழும் இணையர் மீது அளிக்க முடியாது.

2023இல் திருமண உரிமை மறுக்கப்பட்ட பின், 2024இல் ஒன்றிய அரசு ஓர் அறிவுறுத்தல் அனுப்பியது: இத்தகைய இணையரைக் குடும்ப அட்டைக்கு ஒரே குடும்பமாகக் கருதலாம். அரிசிக்கு ஒரே குடும்பம், அடிபட்டால் அந்நியர்! திருநர்க்கான 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, அவர்களைத் துன்புறுத்துவோருக்கு ஆறு மாதம் முதல் இரண்டாண்டு வரை சிறை என்கிறது. அன்றிரவு தங்க இடம் கோரும் வசிப்பிட ஆணை அதில் இல்லை. 2024 ஜூலையில் 377ஆம் பிரிவும் முற்றாக மறைந்தபின், ஆண் மீதான பாலியல் வன்தாக்குதலுக்கெனத் தனிப்பிரிவே கிடையாது.

"இதை இப்போது பேசினால் எதிரிகளுக்குத் தீனியாகாதா?" எனச் சில தோழர்கள் கவலைப்படுகின்றனர். தொழிலாளி வீட்டில் மனைவி அடிபட்டபோதும் சங்கத்தின் பெயர் கெடும் என்று இதே கவலைதான் சொல்லப்பட்டது. அந்த மௌனம் காப்பாற்றியது அடித்தவனை மட்டுமே.

சட்டத்தில் 'குடும்ப உறவு' என்பதன் வரையறை திருத்தப்பட வேண்டும். பாதுகாப்பு இல்லங்கள் திருநர்க்கும் திறக்கப்பட வேண்டும். அதுவரை நம் மாதர் அமைப்பின் உதவி மையங்களுக்கு இத்தகையோர் வந்தால், காயத்தைப் பதிவுசெய்யுங்கள். அடித்தல், மிரட்டல் ஆகியவற்றுக்கான பொதுவான குற்றவியல் பிரிவுகளில் புகார் எழுத உதவுங்கள். அவருடைய ஒப்புதலின்றி வீட்டாருக்குத் தொலைபேசி செய்யாதீர்கள்.