குடாவின் அக்கரையில் தாயும் சேயும்

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே விரிந்து கிடப்பது கொட்டியாரக் குடா. அதன் மறுகரையில், மூதூரிலிருந்து சம்பூருக்குச் செல்லும் வழியில் உள்ளது கட்டைபறிச்சான் என்னும் சிற்றூர். அவ்வூர்ப் பெண்ணொருத்திக்கு நோவு கண்டு, மூதூர் வைத்தியசாலையில் தீராத சிக்கல் நேர்ந்தால், முற்காலத்தில் அவளை வள்ளத்தில் ஏற்றிக் குடாவைக் கடத்த வேண்டும். தரைவழியாயின் துறைதோறும் பாதைக்குக் காத்திருக்க வேண்டும். மிதவைப் படகையே இவ்வட்டாரத்தார் பாதை என்பர். மாரிக் காற்றில் இரண்டும் தடைப்படுவதுண்டு. பிரசவத்தின் பின் கட்டுக்கடங்காது இரத்தம் பெருகும் தாயோ, உதவி கிட்டாவிடின் இரண்டு மணி நேரத்துள் உயிரிழக்கக் கூடும்.

1930களின் நடுவில் இலங்கையில் ஓர் இலட்சம் பிறப்புகளுக்கு 2,000க்கு மேற்பட்ட தாய்மார் மாண்டனர். 1947க்கும் 1950க்கும் இடையே அத்தொகை பாதியாய்க் குறைந்தது. அண்மைக் காலத்தில் முப்பதையொட்டி நிற்கிறது. மலேரியா ஒடுங்கியது ஒரு காரணம். வைத்தியசாலைகள் பெருகியது மற்றொன்று. ஆயினும், 1926இல் களுத்துறையில் முதற் சுகாதாரப் பகுதி தொடங்கிய நாள்முதல் வீடு வீடாய் நடந்த மருத்துவமாதரின் பங்கே பெரிதென்று கூறுதல் மிகையாகாது. குடும்பநல உத்தியோகத்தர் என்று இன்று வழங்கப்படுபவரும் அவரே. கருவுற்றவளைத் தொடக்கத்திலேயே பதிந்து, இரத்த அழுத்தமும் சிறுநீரும் சோதிப்பித்து, இரும்புச்சத்து மாத்திரையும் திரிபோஷாவும் கிடைக்கச் செய்பவர் அவர். பேறு வைத்தியசாலையிலேயே நிகழும் இந்நாளிலும் அவர் பணி சுருங்கவில்லை.

2006இல் போர் மூண்டபோது மூதூர்க் கிழக்கே இடம்பெயர்ந்தது. சம்பூர் மக்கள் பலர் கட்டைபறிச்சானிலும் அயலூர்களிலும் முகாம்களில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தனர். தகரக் கூரையின் கீழ் சூல் சுமந்த பெண்ணுக்கு நிழலும் நல்ல நீருமே முதல் மருந்து. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தது. பின்னர் ஏனைய துறைகளுக்கும் பாலங்கள் அமைந்தன.

தாய்மாரின் மரணத்துக்கு மூன்று தாமதங்களை அறிஞர் கூறுவர்: புறப்படத் தீர்மானிப்பதில் தாமதம், போய்ச் சேருவதில் தாமதம், சேர்ந்தபின் சிகிச்சை பெறுவதில் தாமதம். பாலங்கள் இரண்டாவதைக் குறைத்தன. முதலாவது வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

சூல் கொண்ட காலத்தில் ஊரே அவளைக் கவனிக்கும். பிள்ளை பிறந்ததும் கண்கள் யாவும் தொட்டிலின் பக்கம் திரும்பிவிடும். தாய்க்கு அபாயம் மிகுந்தவை அந்த முதல் நாட்களே! துடக்கென்று முப்பத்தொரு நாள் ஒதுக்கி வைக்கும் வழக்கம் அவளுக்கு ஓய்வு தருவது. அதைப் பழிக்க வேண்டியதில்லை. மிளகும் உள்ளியும் சேர்த்து அரைத்த சரக்குக் கறியும் நன்றே. ஆனால் வயிறு ஊதுமென்று தண்ணீரைக் குறைப்பது தகாது. பாலூட்டுபவளுக்குத் தாகம் மிகும். மஞ்சள் நிறக் கடும்பாலைப் பீய்ச்சி எறிந்துவிட்டுச் சேய்க்குச் சீனித் தண்ணீர் புகட்டுவது அதனினும் தகாது. நோயை எதிர்க்கும் வலிமையைச் சேய்க்கு அளிப்பது அக்கடும்பாலே. ஆறு மாதம்வரை தாய்ப்பாலன்றி வேறொன்றும் வேண்டா. சேயைத் தொடுபவர் கைகழுவுவது மற்றொன்று. 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர், பரிசோதிப்போரைக் குளோரின் கலந்த நீரில் கைகழுவச் செய்தே பிரசவக் காய்ச்சலின் சாவுகளைக் குறைத்தார். சக மருத்துவர் பலர் அன்று அதை ஏற்க மறுத்தனர். மூதாட்டியர் சிலர் முகஞ்சுளிப்பதில் வியப்பென்ன?

கட்டிய துணி விரைவில் நனைந்து நனைந்து மாற்ற வேண்டியிருத்தல், குளிருடன் காய்ச்சல், துர்நாற்றமுள்ள போக்கு, கடுந் தலைவலியுடன் பார்வை மங்குதல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் நோவும் ஆகியவை விடியும்வரை பொறுக்கக் கூடியன அல்ல. வலிப்புநோய் பேற்றுக்கு முன்னரே வருமென்று பலர் எண்ணுகின்றனர், பின்னரும் வரும். சேய் பால் குடிக்க மறுத்தால், உடல் குளிர்ந்தால், மூச்சு விரைந்தால், உள்ளங்காலிலும் மஞ்சள் படர்ந்தால் அதுவும் அவ்வாறே. தாயின் அழுகை இரு கிழமைக்கு மேல் நீடிப்பின் அதனை மனச் சோர்வென்று கருதி உதவி நாட வேண்டும். பேய்க்கோளாறென்று வேப்பிலை அடிப்பது காலத்தை வீணாக்கும்.

முதற் பத்து நாட்களுள் மருத்துவமாது இருமுறை வீட்டுக்கு வருவார். அவர் வரும்போது பிள்ளையை மட்டும் காட்டி வழியனுப்பும் வீடுகள் உள. பெற்றவளைத் தனியே அமரவைத்து அவர் பேச இடங்கொடுத்தல் வேண்டும். மாமியார் எதிரில் வாய்திறவாத பெண், அவரிடம் துணி நனைந்த கணக்கைச் சொல்வாள்.