முதல் சுற்றிலேயே முடியும் தேர்தல்

அமெரிக்கத் தேர்தல் என்றால் நமக்கு அதிபர் தேர்தல்தான் ஞாபகம் வரும். அங்கே அதற்கும் முன்னால் பிரைமரி என்று ஒன்று உண்டு. கட்சியின் வேட்பாளர் யார் என்பதை மேலிடம் அறிவிப்பதில்லை. வாக்காளர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். எவ்வளவு பெரிய உரிமை அது!

2018 ஜூனில் நியூயார்க்கில் நடந்ததைக் கேளுங்கள். ஏறக்குறைய இருபது வருடமாக எம்.பி.யாக இருந்த ஜோ குரோலியை, மதுக்கூடத்தில் வேலை பார்த்த 28 வயதுப் பெண் அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ கோர்டெஸ் பிரைமரியில் தோற்கடித்தார். சுமார் ஏழு லட்சம் பேர் வாழும் தொகுதி. அன்று ஓட்டுப் போட வந்தவர்களோ ஏறத்தாழ 30,000 பேர்தான். ஜனநாயகக் கட்சியின் கோட்டை என்பதால், நவம்பர் பொதுத் தேர்தலின் முடிவு ஜூனிலேயே தெரிந்துவிட்டது. வீட்டில் இருந்துவிட்டவர்களுக்கு அந்த முடிவில் பங்கே இல்லை.

ஒரு ஓட்டு என்ன செய்யும் என்று சலித்துக்கொள்பவர்களுக்கு வர்ஜீனியாவைச் சொல்வேன். 2017இல் மாநிலச் சட்டமன்றத்தின் ஒரு தொகுதியில் இரு வேட்பாளர்களுக்கும் தலா 11,608 ஓட்டுகள். கடைசியில் கிண்ணத்தில் சீட்டுப் போட்டு எடுத்தார்கள். சபையில் ஒரு கட்சிக்குப் பெரும்பான்மையா, இல்லை இரண்டு கட்சிகளும் சமமா என்பதையே அந்தச் சீட்டுதான் தீர்மானித்தது.

பள்ளிக்கூட நிர்வாகக் குழு, ஷெரிப், பல மாநிலங்களில் நீதிபதிகள்கூட அமெரிக்காவில் உள்ளூர் ஓட்டில்தான் வருகிறார்கள். அமெரிக்கக் குடியுரிமை பெற்ற மகனோ மகளோ உங்களுக்கு இருந்தால், அடுத்த முறை போனில் பேசும்போது, "பிரைமரிக்கு ஓட்டுப் போட்டாயா?" என்று கேளுங்கள்.