எழுத்தெண்ணித் தந்த கைகள்
(திங்கட் பொழிவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஓலைச் சுவடிக்கு ஒரு வாழ்நாள் உண்டு. கறையானும் ஈரமும் அதனை அரித்துத் தின்னும். ஏடு நைந்து போகுமுன் எவரேனும் ஒருவர் அதனைப் பார்த்துப் புதிய ஓலையில் எழுத்தாணி கொண்டு பெயர்த்தெழுதியாதல் வேண்டும். பெயர்த்தெழுதப் பெற்ற நூல்கள் எஞ்சின. பெயர்த்தெழுதுவாரின்றி விடப்பட்டவை பெயர்மட்டும் எஞ்சின. பெயரும் எஞ்சாதன எத்தனையோ! 1887ஆம் ஆண்டில் கலித்தொகையைத் தாமோதரனாரும் சீவக சிந்தாமணியைச் சாமிநாதையரும் அச்சேற்றினர். 1894இல் புறநானூறு அச்சில் வந்தது. இவ்விருவர் பெயரையும் தமிழுலகம் அறியும், நன்றியோடு போற்றும். ஆயின், அவர்கள் கைக்குக் கிட்டிய ஏடுகளை, அவற்றிற்கு முந்தைய ஏடுகளைப் பார்த்து எழுதிவைத்தவர் யார்? எவ்வூரினர்? எத்திண்ணையில் அமர்ந்து எழுதினர்? பெரும்பாலார் பெயர் இன்று தெரியாது. தம் எழுத்தை எவர் படிக்கப் போகின்றார் என்பது அவர்களுக்கும் தெரியாது. தெரியாமலேயே எழுதினர். அதனாலன்றோ பாரியும் பேகனும் இன்றைய பள்ளிப் பிள்ளைக்குத் தெரிந்தவர் ஆயினர்!

இவ்வுரையின் பொருள் அத்தகைய கைகளே. ஆனால் பண்டைக் கைகள் அல்ல; பகலெல்லாம் வயிற்றுப்பாட்டிற்கு உழைத்து, இரவில் கணினிமுன் அமர்ந்து, ஒரு பக்கமோ ஒரு பாட்டோ ஒரு சொல்லோ தட்டச்சிட்டு இணையத்தில் இட்டுவிட்டு உறங்கச் செல்லும் எளிய மக்களின் கைகள்.

இம்முறைக்கு உலக அளவில் தொடக்கம் கூறுவதாயின், 1971ஆம் ஆண்டு சூலை 4ஆம் நாளைக் கூறல் வேண்டும். அன்று அமெரிக்காவின் இல்லினாய்சுப் பல்கலைக்கழகக் கணினியொன்றில் மைக்கேல் ஆர்ட்டு என்னும் மாணவர், அந்நாட்டு விடுதலை அறிக்கையைத் தம் கையாலேயே தட்டச்சிட்டார். விரும்பியோர் எடுத்துக்கொள்க என்று வைத்தார். கூட்டன்பர்குத் திட்டம் என்னும் பெரிய மின்னூல் தொகுதி அதிலிருந்தே கிளைத்தது. அதனைச் செய்யுமாறு அவரை எவரும் ஏவவில்லை; கூலியும் இல்லை.

தமிழில் அவ்விதை விழுந்தது 27 ஆண்டுகள் கழித்து. தி.பி. 2029, அஃதாவது 1998, பொங்கல் நாளன்று மதுரைத் திட்டம் தொடங்கப்பெற்றது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த வேதியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரனார் அதனை ஒருங்கிணைத்தார். அமெரிக்காவில் வாழ்ந்த குமார் மல்லிகார்சுனனார் துணைநின்றார். திட்டத்திற்குக் கட்டடம் இல்லை, சம்பளப் பட்டியல் இல்லை, அரசாணையும் இல்லை. பல நாடுகளில் சிதறிக் கிடந்த தமிழர் ஒவ்வொருவரும் ஒரு நூலையோ நூலின் ஒரு பகுதியையோ எடுத்துக்கொண்டனர். ஒருவர் தட்டச்சிட்டார், மற்றொருவர் மெய்ப்புத் திருத்தினார். முதல் எண் பெற்ற நூல் திருக்குறள். வேறெது முதலாக இருத்தல் தகும்?

அந்நாளைய இடர்ப்பாடு இன்றைய இளைஞர்க்கு எளிதில் விளங்காது. அன்று தமிழ் எழுத்துகளுக்குக் கணினியில் பொதுவானதொரு குறியேற்றம் இல்லை. ஓர் எழுத்துருவில் அடித்த பாட்டு, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகக் காட்சியளிக்கும். 'அகர முதல' என்று அனுப்பினால், பெறுவார் கண்ணுக்கு அது வெறும் கிறுக்கலாகத் தோன்றும். கல்யாணசுந்தரனார் 'மயிலை' என்னும் எழுத்துருவைத் தாமே ஆக்கி விலையின்றி வழங்கினார். பின்னர் ஆர்வலர்கள் மின்னஞ்சல்வழிக் கலந்து பேசித் 'திசுக்கி' என்னும் பொதுக்குறியேற்றம் கண்டனர். அதன்பின் ஒருங்குறி வந்தது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும், முன்பு அடித்து வைத்தவற்றை மீண்டும் மாற்றியாக வேண்டியிருந்தது. ஓலை நையுமுன் புதிய ஓலையில் பெயர்த்தெழுதிய அதே பணிதான் இது. ஓலைக்குப் பல தலைமுறை கெடு இருந்தது. கணினியோ ஐந்தாண்டுக் கெடுகூடத் தரவில்லை!

மதுரைத் திட்ட நூல் எதனையும் திறந்து பார்ப்பவர், தலைப்பில் சில வரிகளைக் காண்பர். தட்டச்சிட்டவர் பெயர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர், எந்நாட்டிலிருந்து செய்தார் என்ற குறிப்பு. நூலுக்கு விரையும் கண் அவ்வரிகளைத் தாண்டிவிடும். ஏடெழுதியவர்க்குக் கிட்டாத பேறு இவர்க்கு ஒரு வரியளவில் கிட்டியது. அவ்வொரு வரியையேனும் நின்று படித்தல் படிப்பார் கடன்.

அவ்வுழைப்பால் பயன்பெற்றவர் யார்?

முதற்கண், தேடுவார். சங்கப் பாட்டு ஒன்றில் ஒரு சொல் எங்கெங்கு வருகின்றதென அறிய, முன்னெல்லாம் அகரநிரல் இருந்தால் அதனைப் புரட்டல் வேண்டும். இல்லையேல் நூல் முழுதும் வரிவரியாய் ஓதல் வேண்டும். எழுத்தாக இணையத்தில் இட்ட நூலில் அது நொடிப்பொழுதில் கிட்டுகின்றது. பெரிய நூலகம் உள்ள நகருக்குச் சென்று தங்கிப் படிக்கப் பொருளில்லாத ஆய்வு மாணவர், சிற்றூரில் இருந்தவாறே அதனைப் பெறுகின்றார்.

அடுத்தவர், கண்ணொளி இழந்தோர். இதனைச் சற்று விரித்துக் கூறல் வேண்டும். பலரும் எண்ணாத பயன் இது. நூற்பக்கத்தைப் படம்பிடித்து இணையத்தில் இட்டால், அது கண்ணுடையார்க்கு மட்டுமே நூல். பொறிக்கு அது வெறும் படம், கரும்புள்ளியும் வெண்புள்ளியுமே. அதே பக்கத்தை ஒருவர் எழுத்தெழுத்தாகத் தட்டச்சிட்டால், திரைபடிப்பான் என்னும் மென்பொருள் அதனை வாய்விட்டுப் படிக்கும். அத்தகைய மென்பொருள்கள் முன்பு பெரும்பொருள் கொடுத்து வாங்க வேண்டியனவாய் இருந்தன. 2006ஆம் ஆண்டில் ஆத்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் என்னும் பார்வையற்ற இளைஞர், 'என்விடிஏ' என்னும் திரைபடிப்பானை ஆக்கி விலையின்றி வழங்கத் தொடங்கினார். தம்மைப் போன்றே பார்வையற்ற தோழர் சேம்சு தேவும் அவரோடு சேர்ந்தார். ஆர்வலர் பலர் உலக மொழிகள் பலவற்றிற்கும் அதனை எடுத்துச் சென்றனர். தமிழுக்கும் அது வந்தது. எண்ணிப் பார்க்க: சுவிட்சர்லாந்திலோ சிங்கப்பூரிலோ ஒருவர் தட்டச்சிட்ட குறள், ஆத்திரேலியப் பார்வையற்றோர் ஆக்கிய மென்பொருள், தமிழ்நாட்டு விடுதியொன்றில் காதொலிப்பானை அணிந்து அமர்ந்திருக்கும் கண்ணொளியற்ற மாணவி. இம்மூவரும் ஒருவரையொருவர் அறியார், அறிய வாய்ப்புமில்லை. எனினும் அவர் தட்டச்சிட்ட குறள் அவள் செவியில் ஒலிக்கின்றது.

ஒருவரே மிகப்பெரும் பகுதியைத் தோளில் சுமந்த வரலாறும் உண்டு. தமிழ் விக்கிப்பீடியா 2003ஆம் ஆண்டில் தொடங்கியபோது அது பெரும்பாலும் வெற்றிடம். ஈழத்திற் பிறந்து வளைகுடா நாட்டில் கட்டடக் கலைஞராய்ப் பணியாற்றிய இ. மயூரநாதனார் அவ்வெற்றிடத்தில் எழுதத் தொடங்கினார். நாலாயிரத்திற்கு மேற்பட்ட கட்டுரைகளைத் தொடங்கி எழுதினார். 2017ஆம் ஆண்டில் தமிழ் விக்கிப்பீடியா நூறாயிரம் கட்டுரைகளைக் கடந்தது. அந்நூறாயிரத்துள் பல, நாலைந்து வரிக் குறுங்கட்டுரைகளே என்பதை மறைத்துப் பயனில்லை. ஆயினும் நாலு வரி இருக்குமிடத்தில் ஐந்தாவது வரியை மற்றொருவர் சேர்க்கக் கூடும். ஒன்றுமில்லாத இடத்தில் எவர் எதனைச் சேர்ப்பது?

இனி, நெஞ்சைச் சுடும் செய்தியொன்று. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்திற்குத் தீ வைக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் கிடைத்தற்கரிய சுவடிகளும் சாம்பலாயின. அவற்றுள் வேறெங்கும் படியில்லாத நூல்களும் இருந்தன. ஓரிடத்தில் ஒரே படியாக இருந்ததே அவற்றிற்குக் கேடாயிற்று. அந்நெருப்பின் நினைவு அகலாத மண்ணின் மக்களே 2005ஆம் ஆண்டில் 'நூலகம்' என்னும் இணைய நூலகத்தைத் தொடங்கினர். ஈழத்து நூல்கள், இதழ்கள், செய்தித்தாள்கள், பள்ளி ஆண்டு மலர்கள் என அனைத்தையும் மின்படியாக்கி எவரும் படிக்க வைத்தனர். ஆண்டு மலர் எதற்கு என்று நகைப்பவர் உண்டு. ஊரே இடம்பெயர்ந்து போனபின், அவ்வூர்ப் பள்ளியில் யார் படித்தார், யார் கற்பித்தார் என்பதற்கு அம்மலரன்றி வேறு சான்று எங்குண்டு? எவரோ ஒருவர் பரணிலிருந்து எடுத்துத் தந்த மலர், கடல்கடந்து வாழும் ஒருவர்க்குத் தம் தந்தையின் இளமை முகத்தைக் காட்டுகின்றது.

இத்தகைய பணிகளுக்கு நேர்மாறான ஒன்றையும் இங்குச் சுட்டல் தகும். நாள்தோறும் விடியலில் பூப்படத்தோடு 'இனிய காலை வணக்கம்' என்று நூறு பேர்க்குச் செல்பேசியில் அனுப்பும் பெருமக்கள் தமிழரிடையே குறைவில்லை. அரிய தமிழ்ச்செய்தி ஒன்றை உழைத்து எழுதி அதே வழியில் அனுப்புவாரும் உளர். இரண்டும் மறுநாள் மாலைக்குள் அடியில் அமிழ்ந்துவிடும்; பின்னர் எவர் தேடினும் கிட்டா. அதே உழைப்பைத் தேடக்கூடிய இடத்தில், திருத்தக்கூடிய வகையில் வைத்தால் பத்தாண்டு கழித்தும் அது பயன்தரும். எழுத்தின் அருமை ஒன்றே. வைக்கும் இடத்தாற் பயன் வேறாகின்றது.

எவரும் எழுதலாம் என்றால் பிழை மலியாதா என்பது அறிஞர் சிலர் எழுப்பும் வினா. மலியும். மலிந்தும் இருக்கின்றது. ஆனால் விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு மாற்றமும், செய்தவர் அடையாளமும், நாளும், நேரமும் வரலாற்றுப் பக்கத்தில் நிற்கும், கெடுத்ததை மீட்கலாம், பிழை கண்டவரே திருத்தலாம். அச்சுநூலில் பிழை கண்டவர் என் செய்வர்? ஓரத்தில் கரிக்கோலாற் குறித்து வைப்பர். அக்குறிப்பு அவர் வீட்டு அலமாரியை விட்டு வெளியேறாது.

மற்றொரு வினா இதனினும் கூரியது. எளிய மக்கள் கூலியின்றி எழுதியதைப் பெருநிறுவனங்கள் அள்ளிக்கொண்டு ஊதியம் பெறுகின்றனவே என்பது அது. உண்மை. பொதுவில் வைத்ததை எவரும் எடுக்கலாம் என்னும் உரிமத்தின் மறுபக்கம் அதுவே. 2020ஆம் ஆண்டில் வெளிவந்த 'சிபிடி-3' என்னும் மொழிப்பொறியின் பயிற்சிக்கு எடுக்கப்பட்டவற்றுள் விக்கிப்பீடியாவும் ஒன்று. அப்பயிற்சிப் பொருளிற் பெரும்பகுதி ஆங்கிலமே. இணையத்தில் கிடக்கும் எழுத்தைக் கொண்டே இப்பொறிகள் மொழி கற்கின்றன. அங்கே தமிழ் குறைவாயின் பொறியின் தமிழும் குறைவுபடும். அங்கே கலப்புத்தமிழ் மிகுமாயின் பொறியும் கலப்புத்தமிழே பேசும். அப்பொறியைக் கேட்டு வளரும் குழந்தையும் அதனையே பேசும். எடுப்பவன் மேல் உள்ள சினத்தால் எழுதாது விடின், இழப்பு எடுப்பவனுக்கு அன்று. உரிமைக்கும் பங்கிற்கும் போராடுதல் வேறு, எழுதாமை வேறு.

இறுதியாக, இன்று கைகளுக்காகக் காத்துக்கிடக்கும் ஒரு பணி. தமிழ்நாட்டரசு பல அறிஞர்தம் நூல்களை நாட்டுடைமையாக்கியுள்ளது. பாவாணர் நூல்களும் அவற்றுள் அடங்கும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் வழி, 2016ஆம் ஆண்டளவில் இரண்டாயிரத்திற்கு மேற்பட்ட நாட்டுடைமை நூல்களின் பக்கப் படிமங்கள் விக்கிமூலம் என்னும் தளத்தில் ஏற்றப்பெற்றன. எழுத்துணரி என்னும் மென்பொருள் படத்தைப் பார்த்து எழுத்தாக மாற்றித் தருகின்றது. ஆனால் அது கண்ணுள்ள குருடு. துணைக்காலை 'ர' என்று படிக்கும். மங்கிய புள்ளியை விழுங்கும். எனவே ஒவ்வொரு பக்கத்தையும் மாந்தன் ஒருவன் படத்தோடு ஒப்பிட்டுத் திருத்தல் வேண்டும். திருத்தப்பெறாத பக்கம் சிவப்பு. ஒருவர் திருத்தியது மஞ்சள். மற்றொருவர் மீண்டும் பார்த்து உறுதி செய்தது பச்சை. திருத்தியவரே பச்சையாக்குதல் இயலாது. இரண்டாவது கண் வேறொருவருடையதாக இருத்தல் வேண்டும் என்பது அங்குள்ள நெறி.

எழுத்துணரி பெரிதும் தடுமாறுவது பழைய அச்சில். 1978ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணை பிறப்பிக்குமுன், ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய பதின்மூன்று எழுத்துகள் வேறு வடிவில் இருந்தன. யானைத் துதிக்கைபோல் மேலே வளைந்த கொம்போடு நின்ற அந்த 'லை'யைப் பொறி குழப்பிக்கொள்கின்றது. இன்றைய கல்லூரி மாணவரும் கண்டு திகைக்கின்றனர். அவ்வெழுத்தில் அரிச்சுவடி பயின்றவர்க்கோ அதனைப் படிக்கக் கண்ணாடி ஒன்றே போதும். இவ்வவையின் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் முதியோர் பலர் அவ்வெழுத்தில் பயின்றவர்களே. வீட்டிற்கு ஒரு பேரனோ பெயர்த்தியோ தட்டச்சிட, அருகமர்ந்து படத்தைப் பார்த்துச் சொல்ல அவர்களால் இயலும். ஒரு பக்கத்திற்குக் கால்மணி நேரம் ஆகும்.