ஆக்சுபோர்டின் வாயிலில் நின்ற ஆங்கிலம்

(மாணவர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவர் என்றால் எழுந்து நின்று வணங்குவோர் நம்மிடை உளர். செகப்பிரியரும் மில்டனும் என்றென்றும் பல்கலைக்கழகப் பாடமாகவே இருந்து வந்தனர் என எண்ணுவோரும் உளர். அவ்வெண்ணம் பிழை. ஆங்கிலேயர்தம் சொந்த நாட்டிலேயே, அவர் பெருமையாகக் கருதும் ஆக்சுபோர்டில், ஆங்கில இலக்கியத்திற்குத் தனிப் பட்டப்படிப்பு ஏற்பட்டது 1894இல்தான். கேம்பிரிட்சில் ஆங்கிலம் தனித் தேர்வாக நிற்பதற்கு 1917 ஆயிற்று. செகப்பிரியர் மறைந்து முந்நூற்றோர் ஆண்டு கழிந்த பின்னர்!

அதுகாறும் அப் பல்கலைக்கழகங்களில் இலக்கியம் என்றால் கிரேக்கமும் இலத்தீனுமே. ஓமரைப் படித்தவன் கற்றவன். வெர்சிலைப் படித்தவன் பெருமகன். தாய் மடியில் கற்ற மொழிக்குப் பேராசிரியர் எதற்கு, தேர்வு எதற்கு என்பதே கற்றறிந்தோர் கேள்வி. இக்கேள்வியை வேறு மொழிகளின் பெயரால் நாமும் கேட்டிருக்கின்றோம் அல்லவா?

ஆங்கில இலக்கியம் பல்கலைக்கழகப் பாடமாகக் கருக்கொண்ட இடம் இங்கிலாந்தே அன்று, காட்லாந்து. ஆதம் சுமித்து 1748இல் எடின்பரோவில் அத்துறையில் சொற்பொழிவாற்றினார். 1762இல் அந்நகர்ப் பல்கலைக்கழகத்தில் அரசு ஏற்படுத்திய சொல்வன்மைத் துறையின் பேராசிரியராக இயூ பிளேர் அமர்ந்தார். இதன் பின்னணியை உற்று நோக்குங்கள். 1707இல் காட்லாந்து தன் நாடாளுமன்றத்தை இழந்து இங்கிலாந்தோடு இணைந்தது. அதன்பின் காட்லாந்தின் மேட்டுக்குடியினர் தம் நாட்டுப் பேச்சின் வாடை இலண்டன் மாந்தர் மூக்கில் ஏறலாகாது என அஞ்சினர். மெய்யியல் அறிஞர் டேவிட்டு இயூமே, எழுத்தில் விலக்கவேண்டிய காட்லாந்துச் சொற்களைப் பட்டியலிட்டு வைத்தார். அந்நாணம் நீர் வார்க்க, ஆங்கில இலக்கியக் கல்வி அங்குத் தழைத்தது. தன் மொழியைக் கண்டு கூசுபவன் பிறன் மொழியை அவனினும் திருத்தமாகக் கற்பான்!

இங்கிலாந்தில் முதற்கண் இடங்கொடுத்தது இலண்டன். 1828இல் தொடங்கிய கல்லூரியில் தாமசு டேல் ஆங்கில மொழிக்கும் இலக்கியத்திற்கும் பேராசிரியரானார். அரசுத் திருச்சபையைச் சாராதவர்க்கு ஆக்சுபோர்டு கதவடைத்திருந்த காலம் அது. அவ்வாறு தள்ளப்பட்டோர்க்கென எழுந்த கல்லூரியில்தான் தள்ளப்பட்ட பாடமும் இடம் பெற்றது. தொழிலாளர் மன்றங்களிலும், ஊர் ஊராகச் சென்று நிகழ்த்தப்பெற்ற பல்கலைக்கழக விரிவுச் சொற்பொழிவுகளிலும் அது பரவியது.

இனி ஆக்சுபோர்டுக்கு வருவோம். 1885இல் அங்கு ஆங்கில மொழி இலக்கியத்திற்கென ஒரு பேராசிரியர் இருக்கை ஏற்பட்டது. அதற்கு விண்ணப்பித்தோருள் ஒருவர் சர்ச்சுடன் காலின்சு. இலக்கியத்தை இலக்கியமாகவே கற்பிக்க வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் வழக்காடியவர். இருக்கை அவருக்குக் கிடைக்கவில்லை. செருமனியின் கோட்டிங்கனில் பணியாற்றிவந்த மொழிநூலறிஞர் நேப்பியர்க்கே அது சென்றது. காலின்சு ஓயவில்லை, இதழ்களில் எழுதினார், அறிஞர்களிடம் கருத்துக் கேட்டு வெளியிட்டார். 1887இல் புதிய பட்டப்படிப்புக்கான முன்மொழிவு பல்கலைக்கழக அவைக்கு வந்தது. வரலாற்றுப் பேராசிரியர் பிரீமன் எழுந்து எதிர்த்தார். இலக்கியச் சுவையைத் தேர்வு வைத்து அளக்க முடியாது, மொழிநூலைப் பிரித்துவிட்டால் இப்பாடம் செல்லி என்னும் பாவலரைப் பற்றிய வீண்பேச்சாகவே முடியும் என்றார். முன்மொழிவு வீழ்ந்தது. ஏழாண்டு கழித்தே அது வென்றது. அவ்வாறு வென்றபோதும், பழைய ஆங்கிலத்தையும் மொழிநூலையும் துணையாகக் கட்டிக்கொண்டே உள்ளே நுழைய முடிந்தது.

காலின்சைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவரும் ஆங்கிலத்தைக் கிரேக்க இலத்தீன் இலக்கியங்களோடு சேர்த்தே கற்க வேண்டும் என்றார். அவை தாங்கினாலொழிய ஆங்கிலம் நிற்காது என அவர் நெஞ்சின் ஓரத்தே ஓர் அச்சம் இருந்தது போலும்! அவ்வச்சம் சிறிதும் இல்லாதவர் தார்செட்டு நாட்டுப்புறப் பாவலர் வில்லியம் பார்ன்சு. 1878இல் அவர் ஆங்கிலத்திற்கு ஓர் இலக்கணம் எழுதினார். இலக்கணத்தைக் குறிக்கும் 'கிராமர்' என்னும் கிரேக்கவழிச் சொல்லையே தள்ளிப் 'பேச்சுத்திறம்' எனப் பொருள்படும் தூய ஆங்கிலச் சொல்லைத் தலைப்பாக வைத்தார். 'ஆம்னிபசு' என்னும் இலத்தீன் சொல்லுக்கு மாற்றாக 'மக்கள்வண்டி' எனப் பொருள்தரும் சொல்லை மொழிந்தார். நகைத்தவர் பலர். நகைப்பு எல்லா நாட்டிலும் ஒரே ஓசையுடையதுதான்.

ஆக்சுபோர்டில் இப்புதுப் படிப்பைத் தொடக்கத்தில் ஆர்வத்தோடு கற்றோருள் பெண்களே மிகுதி. 1920 வரை அப்பெண்களுக்கு அப் பல்கலைக்கழகம் பட்டம் வழங்கவில்லை என்பதையும் மறத்தலாகாது.

தோழர்களே! தன் வீட்டு வாயிலில் இவ்வாறு நின்றுகொண்டிருந்த அதே ஆங்கிலம், அக்காலத்திலேயே நம் நாட்டில் அரியணையில் வீற்றிருந்தது! 1817இல் தொடங்கிய கல்கத்தா இந்துக் கல்லூரியில் ரிச்சர்டுசன் என்பார் செகப்பிரியரைப் பாடமாக நடத்தினார். அவர்தம் மாணவர்க்கெனத் தொகுத்த ஆங்கிலப் பாத்திரட்டு 1840இல் வெளிவந்தது. அதற்கு முன்பே, 1835இல், மெக்காலேயின் அறிக்கையும் பெண்டிங்கின் ஆணையும் வந்துவிட்டன. 1844இல் ஆர்டிஞ்சு, ஆங்கிலக் கல்வி பெற்றோர்க்கே அரசு அலுவலில் முன்னுரிமை என்றார். அரசுக் கல்விக்கூடங்களில் வெளிப்படையாகக் கிறித்தவம் கற்பித்தால் குடிகள் கொதித்தெழுவர். எனவே இலக்கியம் அவ்விடத்தை நிரப்பியது என்பதைக் கெளரி விசுவநாதன் 1989இல் வெளியிட்ட ஆய்வுநூல் விரித்துரைக்கின்றது.

1854இல் மெக்காலே தலைமையிலான குழு இந்தியக் குடிமைப் பணித் தேர்வுக்கு மதிப்பெண் வகுத்தது. மொத்தம் 6,875. ஆங்கில மொழிக்கும் இலக்கிய வரலாறுகட்கும் 1,500, கிரேக்கத்திற்கு 750, இலத்தீனுக்கு 750, சமற்கிருதத்திற்கு 375, அரபிக்கு 375. ஆளப்படவிருந்த மக்களுள் கோடிக்கணக்கானோர் பேசிய தமிழுக்கு? ஒன்றுமில்லை. இலண்டன் பல்கலைக்கழகத்தை வார்ப்பாகக் கொண்டே 1857இல் சென்னைப் பல்கலைக்கழகமும் எழுந்தது.

அவ்வார்ப்பு ஆப்பிரிக்கா வரை சென்றது. உகாண்டாவின் மேக்கரேரே கல்லூரி மாணவர்க்கு இலண்டன் பல்கலைக்கழகமே பட்டம் வழங்கிற்று. அங்கு ஆங்கில இலக்கியம் பயின்று, பின்னர் இங்கிலாந்தின் இலீட்சுக்கும் சென்று வந்தவர் கென்யாவின் கூகி வா தியாங்கோ. அவர் நைரோபிப் பல்கலைக்கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோது, 1968 அக்தோபர் 24ஆம் நாள், என்றி ஓவோர் அன்யும்பா, தாபன் லோ லியோங் ஆகிய இருவரோடு சேர்ந்து ஓர் அறிக்கை விடுத்தார். தலைப்பே ஆங்கிலத் துறையை ஒழிப்பது பற்றியதுதான்! ஆங்கில நூல்களை எரிக்கச் சொல்லவில்லை அவர்கள். ஆப்பிரிக்க மண்ணில் ஆப்பிரிக்கமே நடுவில் நிற்கட்டும். ஏட்டில் ஏறாத வாய்மொழிப் பாட்டும் கதையும் முதற்பாடமாகட்டும். ஆங்கிலம் உட்பட ஏனைய இலக்கியங்கள் அந்நடுவிலிருந்து பார்க்கப்படட்டும் என்றே கேட்டனர். நெடிய வழக்காடலுக்குப் பின் ஆங்கிலத் துறை இலக்கியத் துறையாயிற்று. 1970களில் கூகியே அதன் தலைவரானார்.

துறையின் பெயரை மாற்றியதோடு கூகி நின்றிருந்தால் ஆட்சியாளர் அவரை வாழவிட்டிருப்பர். 1977இல் கமிரீத்து என்னும் சிற்றூரில், உழவரும் தொழிலாளரும் நடிக்க, தாய்மொழியாகிய கிக்கூயூவில் ஒரு நாடகம் அரங்கேறியது; கூகி வா மிரீயோடு சேர்ந்து அவர் எழுதியது. அரசு நாடகத்தைத் தடுத்தது. அவ்வாண்டின் கடைசி நாளில் அவரைச் சிறைப்பிடித்தது. ஆங்கிலத்தில் புதினங்கள் எழுதிப் புகழ் பெற்றபோது தீண்டாத சிறை, தாய்மொழியில் எழுதியவுடன் வாய் திறந்தது. கமித்தி என்னும் அச்சிறையில் வழக்குமன்ற உசாவலின்றி ஏறத்தாழ ஓராண்டு கிடந்தார். கைதிகளின் கழிப்பறைக்கென அளித்த முரட்டுத் தாளைச் சேர்த்துவைத்து, அதில் கிக்கூயூ மொழியில் ஒரு புதினம் எழுதினார். அது 1980இல் அச்சாயிற்று.