நாலு பலகையும் ஒரு முழங்காலும்



ஆசைப்பட்டு வாங்கிய பொருளைக் காலமெல்லாம் காப்பதா, கைமாற்றிக் கொடுப்பதா என்பது தலைப்பு. நான் கொடுக்கிற கட்சி. எனக்கு முன்னாடி பேசின அம்மா, மாமியார் கொடுத்த வெண்கலப் பானையைப் பத்திச் சொல்லி அரங்கத்தையே அழ வெச்சுட்டாங்க. நான் பேசப்போறது பானை இல்லீங்க. சர்ஃப் போர்டு. கடலே கண்ணுக்குத் தெரியாத சேலையூர்ல, ரெண்டு பெட்ரூம் ஃபிளாட்டுல, நாலு சர்ஃப் போர்டு! (சிரிப்பு)

சிரிங்க, சிரிங்க. எங்க வீட்டுக்காரியும் முதல் போர்டுக்குச் சிரிச்சா. நாலாவது போர்டுக்குச் சிரிக்கலை. (பலத்த சிரிப்பு)

2013-ல எனக்கு முப்பத்தைந்து வயசு. கோவளத்துல சர்ஃபிங் திருவிழான்னாங்க, வேடிக்கை பார்க்கப் போனேன். வண்டலூர் - கேளம்பாக்கம் ரோட்டைப் பிடிச்சு அந்தப் பக்கம் இறங்கினா, எங்க வீட்டிலேருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம். அங்கே மூர்த்தி மேகவன்னு ஒரு மீனவர். ஆரம்பத்துல வெறும் மரப்பலகையை வெச்சுக்கிட்டே அலை ஏறிப் பழகினவர். 2012-ல தொடங்கின சர்ஃபிங் பள்ளியில அவரோட சேர்ந்து மீனவப் பசங்க, ஐ.டி. கம்பெனிக்காரங்களுக்குச் சொல்லிக் கொடுத்துக்கிட்டு இருந்தாங்க. பீச்சுல ஒருத்தன் பலகை மேல நிக்கிறான், அலை அவனைத் தோள்ல தூக்கிட்டு வர மாதிரி கரைக்குக் கொண்டுவருது. அவ்வளவுதான், நான் விழுந்தேன். அடுத்த வாரம் நிஜமாவே விழுந்தேன். இருபத்தைந்து தடவை. (சிரிப்பு)

முதல் போர்டு எட்டடி, மேலே ஸ்பாஞ்சு மாதிரி மெத்துன்னு இருக்கும். விழுந்தாலும் மண்டை உடையாது. அடுத்தது ஒன்பதடி நீளப் பலகை. அப்புறம் 2017-ல ஏழடியில ஒண்ணு, பையனுக்குன்னு. அவனுக்கு அப்போ பத்து வயசு. கடைசியா போனஸ் பணத்துல ஆறடிப் போர்டு. அதுதான் பெரிய ஆளுங்க வெச்சிருக்கிறது, முனை கூரா இருக்கும். அதை நான் மொத்தம் மூணு தடவைதான் ஓட்டினேன். ஓட்டினேன்னு சொல்றதே பொய். அதோட சேர்ந்து மூணு தடவை முழுகினேன்.

இதுல ஒரு கணக்கு இருக்குங்க. போர்டு எத்தனை லிட்டர் தண்ணியை ஒதுக்குதோ, ஏறக்குறைய அத்தனை கிலோவைத் தாங்கும். போர்டோட சொந்த எடையைக் கழிச்சுக்கணும். ஆறடிப் போர்டு முப்பது லிட்டர்கூட வராது. ஒன்பதடி எழுபது லிட்டர்கிட்ட வரும். நான் கடலுக்குப் போக ஆரம்பிச்சப்போ அறுபத்தெட்டு கிலோ. இப்போ எண்பத்து நாலு. எங்க வீட்டு சாம்பார் சாதத்துக்கு நன்றி. (சிரிப்பு, கைதட்டல்) அந்த ஆறடிப் போர்டு என்னைக்குமே எனக்காக இல்லை. நான் ஆக நினைச்ச ஒரு ஆளுக்காக வாங்கினது. அந்த ஆள் கடைசி வரைக்கும் வரவே இல்லை.

ஆசை ஒரே நாள்ல போறதில்லீங்க. முதல் மூணு வருஷம் சனிக்கிழமை காலையில நாலரை மணிக்கு அலாரம். வெயில் ஏறினா கடல்காத்து கிளம்பி அலையைக் கலைச்சுடும், அதுக்குள்ள போகணும். அப்புறம் மாசத்துக்கு ரெண்டு தடவை. அப்புறம் ஐப்பசி, கார்த்திகையில கடல் கொந்தளிக்குதுன்னு ஒரு சாக்கு. தை பிறந்து கடல் அடங்கினப்புறமும் அதே சாக்கு. அப்புறம் முழங்கால். எலும்பு டாக்டர் படத்தைப் பார்த்துட்டு, “சார், நீங்க என்ன விளையாட்டு?”ன்னார். சொன்னேன். “விளையாடுறதை விட்டு எத்தனை வருஷமாச்சு?”ன்னார். மனுஷன் எப்படித்தான் கண்டுபிடிச்சாரோ!

2025 ஆகஸ்ட்ல மாமல்லபுரத்துல ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் நடந்துது. ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். அந்தப் போட்டியில இந்தியாவுக்குத் தனிநபர் பதக்கம் அதுதான் முதல் தடவை. நானும் போனேன். கரையில சுண்டல் தின்னுக்கிட்டு நின்னேன். திரும்பி வரும்போதுதான் உறைச்சுது, தண்ணியில கால்கூட நனைக்காம வந்திருக்கேன்.

அன்னிக்கு ராத்திரியே போர்டுகளை எடுத்துப் பார்த்தேன். எட்டடிப் போர்டு மொட்டை மாடியில ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டுல இருந்துது. அசோசியேஷன் செகரட்டரி, “சார், உங்க படகை எப்ப எடுப்பீங்க?”ன்னு கேட்டுக்கிட்டே இருந்தார். எதிரணி நண்பர்களே, இதைக் கேளுங்க. அந்தப் போர்டுக்குள்ள இருக்கிறது தெர்மோகோல் வகை. அக்னி நட்சத்திர வெயில்ல உள்ளே காத்து விரிஞ்சு, மேல்தோல் அப்பளம் மாதிரி உப்பிப்போச்சு. வெச்சுக் காப்பாத்தினேன், அதனாலேயே செத்துப்போச்சு! (கைதட்டல்)

எதிரணியில ஒருத்தர் சொன்னார், ஆஸ்திரேலியாவுல டியூக் கஹனமோகு 1914-15-ல சர்ஃபிங் செஞ்சு காட்டின பலகையை சிட்னி ஃப்ரெஷ்வாட்டர் கிளப்புல இன்னும் பத்திரமா வெச்சிருக்காங்கன்னு. உண்மைதான். ஐயா, அவர் ஒலிம்பிக்கில நீச்சல் தங்கம் வாங்கினவர். நான் முழுகினவன். (பலத்த சிரிப்பு) நம்ம ஊர்க் கட்டுமரத்தைப் பாருங்க. கரை ஏறினதும் கயித்தை அவுத்து, மரங்களைத் தனித்தனியாக் காயப் போடுவாங்க. ஊறின மரம் கனத்துடும். மறுநாள் கடலுக்குப் போகணுமேன்னுதான் அந்தப் பக்குவம். 2004 சுனாமிக்கு அப்புறம் ஃபைபர் படகு நிறைய வந்துடுச்சு. கட்டுமரத்தையே கழிச்சுட்டுப் போன கடற்கரையில, நான் கட்டிலுக்கு அடியில பலகை வெச்சுப் பூஜை பண்றேன்.

ஆறடியைக் கொடுக்க எனக்குக் கஷ்டமே இல்லை. ஏழடிதான் கஷ்டம். ஹாஸ்டல்ல இருக்கிற பையனுக்கு போன் பண்ணினேன். “உன் போர்டுப்பா, நீதான் சொல்லணும்”னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் சொன்னான்: “யாருக்காவது கொடுத்துடுங்கப்பா. எனக்கு அலைன்னா பயம்ப்பா. காலையில உங்ககூட கார்ல போறதுக்காகத்தான் வந்தேன். திரும்பும்போது கேளம்பாக்கத்துல இட்லி வாங்கித் தருவீங்க இல்ல, அதுக்கு.”

(அரங்கில் அமைதி)

ரெண்டு வருஷமா அவனை எதிர் அலையில தள்ளிவிட்டுக்கிட்டு இருந்திருக்கேன் ஐயா. அவன் பயந்தது எனக்குத் தெரியலை. இட்லி மட்டும் தெரிஞ்சிருந்தா, இந்தப் போர்டை வாங்கியே இருக்க மாட்டேன்.

ஒன்பதடிப் பலகையை மட்டும் வெச்சுக்கிட்டேன். கட்சி மாறிட்டேன்னு எதிரணி கை தட்ட வேண்டாம். (சிரிப்பு) அது இன்னிக்கு இருக்கிற எண்பத்து நாலு கிலோவோட ஒத்துப்போகும். இடுப்பளவு அலை போதும், நிக்க முடியலைன்னா படுத்துக்கிட்டே வரலாம். முழங்கால் ஒரு வார்த்தை சொல்லாது.

மத்த ரெண்டையும் காருக்கு மேல கட்டி, போன மாசம் கோவளத்துக்குக் கொண்டுபோனேன். பையனும் லீவுக்கு வந்திருந்தான், கூட வந்தான். அங்கே பதினாலு வயசுப் பையன் ஒருத்தன் ஆறடியை வாங்கித் திருப்பிப் பார்த்தான். மேலே பழைய மெழுகு கட்டியா இருந்துது. கால் வழுக்காம இருக்கப் பூசுறது. அதுல என் கால் பதிஞ்ச தடம் அப்படியே இருக்கு.

“அண்ணா, மெழுகு ரொம்பப் பழசாயிடுச்சுண்ணா. சுரண்டிடவா?”ன்னான்.

“சுரண்டுப்பா”ன்னேன். சீப்பு மாதிரி ஒண்ணை எடுத்து சரசரன்னு சுரண்டினான். பத்து நிமிஷத்துல தடம் போச்சு, அவன் தண்ணிக்குள்ள போயிட்டான். என் பையன் பக்கத்துல வந்து, “அப்பா, இட்லிக்கடை இன்னும் இருக்குமா?”ன்னு கேட்டான்.

மணி அடிச்சுட்டீங்க ஐயா. (பலத்த கைதட்டல்)