கம்பைலர் எச்சரித்தால்...



எனக்குத் தந்திருப்பது அஞ்சு நிமிஷம். ஒரே ஒரு விஷயம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

சி மொழியில் நாலு இடம் கொண்ட ஓர் அர்ரே. அதை நிரப்ப ஒரு லூப். எத்தனை சுற்று என்பது ‘என்’ என்ற மாறியில் வருகிறது. அது நாலைத் தாண்டாது என்று உங்களுக்குத் தெரியும், கம்பைலருக்குத் தெரியாது. வேகத்துக்காக அது லூப்பைப் பிரித்து, சுற்றுகளை வரிசையாகப் பிரதி எடுக்கிறது. இதுதான் லூப் அன்ரோலிங். அதில் ஒரு பிரதி ஐந்தாவது இடத்தைத் தொடுவதாக அமைந்துவிட்டால், ‘எல்லை மீறல்’ என்று எச்சரிக்கை வரும். காட்டுகிற வரியோ நீங்கள் ஒழுங்காக எழுதிய வரி! ஓ2-வில் வராதது ஓ3-ல் வரும். “கம்பைலருக்குப் புத்தி கெட்டுப்போச்சு சார்” என்று பையன்கள் எச்சரிக்கையை அணைத்துவிடுகிறார்கள்.

அவசரப்படாதீங்க. எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு சி தரநிலை எந்தப் பொறுப்பும் ஏற்கவில்லை. ஆகவே, ‘எழுதியவர் மீறவே மாட்டார்’ என்று கம்பைலர் எடுத்துக்கொள்கிறது.

ஸ்பெக் 2006 என்ற வேகச் சோதனைத் தொகுப்பில் எச்264ரெஃப் என்ற வீடியோ புரோகிராம் உண்டு. அதில் 16 இடம் கொண்ட அர்ரே. லூப் முடியும்போது 17-ஆவது இடத்தையும் சும்மா ஒரு தடவை படித்துவிடும். படித்ததை யாரும் பயன்படுத்துவதில்லை. வருஷக்கணக்காக ஒழுங்காக ஓடியது. 2013 தொடக்கத்தில், வெளிவரவிருந்த ஜி.சி.சி. 4.8 என்ன நினைத்தது? ‘17-ஆவது இடத்தைத் தொடமாட்டார், அப்படியானால் எண் 16-ஐ எட்டவே எட்டாது, நிறுத்தும் சோதனை எதற்கு?’ அதை நீக்கிவிட்டது. லூப் நிற்கவே இல்லை! இத்தகைய லூப்புக்கென்று தனி எச்சரிக்கை வந்ததும் அதே 4.8-இல்தான்.

தம்பிகளா, எச்சரிக்கை வந்தால் அந்த வரியை மட்டும் முறைக்காதீர்கள். கம்பைலர் எதை நம்பி இந்த முடிவுக்கு வந்தது என்று கேளுங்கள். ‘என் நாலைத் தாண்டினால் திரும்பிவிடு’ என்று லூப்புக்கு முன்னால் ஒரு வரி எழுதுங்கள். பெரும்பாலும் எச்சரிக்கை தானே அடங்கிவிடும். “நாலைத் தாண்டாது” என்று உங்களாலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லையா? அப்படியானால் கம்பைலர் தவறான வரியைக் காட்டி, சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறது.