நம்ம மனு எந்த மேசைக்குப் போகணும்?



கடலூர், சிதம்பரம் பக்கத்து மக்களுக்கு அரசு நிர்வாகம் எப்படி நடக்கிறது என்று எளிமையாகப் பேசச் சொன்னார்கள். சட்டப் புத்தகத்தை விரித்து வைத்துப் பேசினால் பாதிப் பேருக்குக் கொட்டாவி வந்துவிடும். அதனால் ஒரு கேள்வியில் ஆரம்பிக்கிறேன்.

உங்க தெருவில் மழைத் தண்ணி மூணு நாளா வடியலை. யார்கிட்ட சொல்வீங்க?

"கவுன்சிலர்கிட்ட" என்பார்கள் சிலர். "எம்.எல்.ஏ.கிட்ட" என்பார்கள் சிலர். "நேரா கலெக்டர்கிட்டயே போயிடுவேன்" என்பவர்களும் உண்டு. மூன்றுமே சரியாக இருக்கலாம், மூன்றுமே தவறாகவும் இருக்கலாம். தண்ணீர் எங்கே தேங்கி நிற்கிறது என்பதைப் பொறுத்தது அது.

நம்ம கடலூர் மாவட்டம் தண்ணீரின் கடைசி வாசல். தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு எல்லாம் இந்த மண்ணைத் தாண்டித்தான் கடலுக்குப் போகின்றன. தெற்கு எல்லையில் கொள்ளிடம். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல், 2015-இல் பெருவெள்ளம் என்று நாம் பட்டது கொஞ்சநஞ்சமல்ல. அதனால் இந்தக் கேள்வி நமக்குப் பரீட்சைக் கேள்வி இல்லை, வாழ்க்கைக் கேள்வி.

தெருவோரச் சாக்கடையும் சின்ன வடிகாலும் அடைத்திருந்தால் அது உள்ளாட்சி அமைப்பின் வேலை. ஆற்றுக்கரை, ஏரிக்கரை உடைப்பெடுத்தால் பெரும்பாலும் நீர்வளத் துறை. நெடுஞ்சாலைக்குக் கீழே போகும் பாலம் தூர்ந்து கிடந்தால் அந்தச் சாலை யாருடையதோ அவர்கள். விழுப்புரம் - நாகப்பட்டினம் சாலை என்றால் தேசிய நெடுஞ்சாலை அதிகாரிகள், மாநில நெடுஞ்சாலை என்றால் நெடுஞ்சாலைத் துறை. வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து நிவாரணம் கேட்கணும் என்றால் வருவாய்த் துறை, அதாவது கிராம நிர்வாக அலுவலரும் வட்டாட்சியரும். ஒரே மழைதான், ஆனால் நாலு மேசை. நம்ம மனு தப்பான மேசையில் விழுந்தால் அது அங்கேயிருந்து இன்னொரு மேசைக்கு நகர்வதற்குள் அடுத்த மழையே வந்துவிடும். புயல், வெள்ள நேரத்தில் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077-இல் அழையுங்கள், யாருக்குச் சொல்லணுமோ அவர்கள் சொல்லிக்கொள்வார்கள்.

சரி, இத்தனை மேசை ஏன்? நமக்கு மேலே இரண்டு வகை நிர்வாகம் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகிறது. ஒன்று, அரசு நியமிக்கிற அதிகாரிகளின் வரிசை. இன்னொன்று, நாம் ஓட்டுப் போட்டு அனுப்புகிறவர்களின் வரிசை.

முதல் வரிசையைப் பாருங்க. மாவட்டத்துக்கு ஆட்சியர். மாவட்டம் கடலூர், சிதம்பரம், விருத்தாசலம் என்று மூன்று வருவாய்க் கோட்டங்களாகப் பிரிந்திருக்கிறது. அதற்குக் கீழே பத்து வட்டங்கள், வட்டத்துக்கு ஒரு வட்டாட்சியர். பிறகு வருவாய் ஆய்வாளர், கிராம நிர்வாக அலுவலர். பட்டா, சாதிச் சான்று, வருமானச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் இந்த வழியில்தான் வரும். இதில் யாரையும் நாம் தேர்ந்தெடுப்பதில்லை.

இரண்டாவது வரிசை உள்ளாட்சி. கிராமத்தில் ஊராட்சி, அதற்கு மேலே ஊராட்சி ஒன்றியம், அதற்கும் மேலே மாவட்ட ஊராட்சி. நகரப் பக்கம் பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி. கடலூர் 1866-இல் நகராட்சியானது, 2021-இல் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது. இப்போது 45 வார்டுகள். சிதம்பரம் நகராட்சிக்கு 33 வார்டுகள். 2022 பிப்ரவரி 19-இல் நாம் ஓட்டுப் போட்டது வார்டு உறுப்பினர்களுக்கு. மேயரையும் நகராட்சித் தலைவரையும் அந்த உறுப்பினர்கள் கூடி மார்ச் 4-ஆம் தேதி தேர்ந்தெடுத்தார்கள். கிராம ஊராட்சித் தலைவர் மட்டும் அப்படியில்லை, அவரை நாமே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறோம்.

இதில் நம்ம ஊர்க்காரர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்கிற ஒரு இடம் உண்டு. சிதம்பரம் ரயில் பாதையைத் தாண்டிக் கிழக்கே போனால் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். வெளியூர்க்காரருக்கு அதுவும் சிதம்பரம்தான். ஆனால் அண்ணாமலை நகர் தனிப் பேரூராட்சி. அங்கே தெருவிளக்கு எரியலைன்னு சிதம்பரம் நகராட்சியில் மனு கொடுத்தால், "இது எங்க எல்லை இல்லைங்க" என்று சொல்வார்கள். அவர்கள் தட்டிக்கழிக்கவில்லை, உண்மையைத்தான் சொல்கிறார்கள். நெய்வேலி நகரியம் இன்னும் வேறு கதை, அதை என்.எல்.சி. நிறுவனமே பார்த்துக்கொள்கிறது. அதனால் மனு எழுதுவதற்கு முன்னாடி முதல் வேலை, உங்க வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்க. வரி யாருக்குக் கட்டுறீங்களோ, தெருவிளக்கும் குப்பையும் அவர்கள் பொறுப்பு. கம்பமோ கம்பியோ சாய்ந்து கிடந்தால் அது மின்வாரியம். மின்னகம் எண் 94987 94987.

வரி என்றதும் ஒரு விஷயம். நகரங்களில் சொத்து வரியை ஒவ்வொரு அரையாண்டும் முதல் முப்பது நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய். அதாவது ஏப்ரலிலும் அக்டோபரிலும். பலர் இது தெரியாமலே கடைசியில் கட்டுகிறார்கள்.

இப்போ கொஞ்சம் வெளியே போய்ப் பார்ப்போம். அமெரிக்காவில் பிள்ளைகள் வேலை பார்க்கிற வீடுகள் நம்ம ஊரிலும் நிறைய. அங்கே போய் வந்த பெரியவர்கள், "அங்கெல்லாம் கலெக்டரே கிடையாதாமே" என்று ஆச்சரியப்படுவார்கள். உண்மைதான். அங்கே கவுண்டி என்ற அமைப்பு நம்ம மாவட்டம் மாதிரி. ஆனால் மேலேயிருந்து ஒரு அதிகாரியை அனுப்பி அதை நடத்துவதில்லை. பெரும்பாலான மாநிலங்களில் ஷெரிப் என்கிற காவல் தலைவரையே மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். பள்ளிக்கூடத்தை நடத்துகிற குழுவுக்கும் பெரும்பாலும் தேர்தல். நகரக் காவல் துறை நகர நிர்வாகத்துக்குக் கீழே இருக்கும். அங்கே 90,000-க்கும் மேற்பட்ட உள்ளாட்சி அமைப்புகள் இருக்கின்றன. நம்ம ஊரில் காவல் துறை மாநில அரசின் துறை. கடலூர் மேயர் ஒரு காவலரைக்கூட இடமாற்றம் செய்ய முடியாது.

ஆனால் வேடிக்கை என்னவென்றால், அமெரிக்க அரசியல் சட்டத்தில் உள்ளாட்சி என்ற பேச்சே இல்லை. மாநிலம் நினைத்தால் உருவாக்கலாம், மாற்றலாம். நம்ம நாட்டில் 73, 74-ஆவது திருத்தங்கள் 1993-இல் நடைமுறைக்கு வந்த பிறகு, ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் அரசியல் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல், பெண்களுக்கும் பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கும் இட ஒதுக்கீடு, மாநில நிதி ஆணையம் எல்லாம் அதில் எழுதியிருக்கிறது. தமிழ்நாட்டில் பெண்களுக்கான ஒதுக்கீடு 2016-இல் பாதியாக, 50 சதவீதமாக உயர்ந்தது. ஆக, அவர்களுக்கு அதிகாரம் அதிகம், எழுத்தில் உறுதி குறைவு. நமக்கு எழுத்தில் உறுதி அதிகம், கையில் இருக்கிற அதிகாரமும் பணமும் குறைவு. எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குவது நம்ம பொறுப்பு.

கேட்டு வாங்குவதற்கான இடம் எது? கிராமசபை. அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் ஊர்க்காரர்கள் ஒன்றாகக் கூடி வரவு செலவுக்கே ஓட்டுப் போடுகிற டவுன் மீட்டிங் என்ற வழக்கம் இன்றும் இருக்கிறது. நமக்கு அதற்குக் கிட்ட வருவது கிராமசபைதான். ஆண்டுக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், நீங்கள் உறுப்பினர். யாரும் அழைப்பிதழ் கொடுக்க வேண்டியதில்லை.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், கடலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. அதன் பிறகு தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். 2016 முதல் 2019 வரையும் இதே நிலைதான் இருந்தது. தலைவர் இருந்தால் வீட்டு வாசலில் போய்ப் பிடித்துக் கேட்கலாம். தனி அலுவலருக்கோ ஒரே நேரத்தில் பல ஊர். அந்தக் காலத்திலும் நிற்காமல் நடப்பது கிராமசபை. தலைவர் இல்லாத நேரத்தில் கூட்டத்துக்குப் போகாமல் இருந்தால், நம்ம ஊருக்குப் பேச ஆளே இல்லை என்று ஆகிவிடும்.

நகரத்தில் இருப்பவர்களுக்கும் வழி உண்டு. வார்டு குழு, பகுதி சபா ஆகியவற்றுக்கான விதிகள் 2022-இல் வந்தன. உங்க கவுன்சிலரிடம், "நம்ம பகுதி சபா எப்போ?" என்று கேளுங்கள். கேட்கிற ஆள் இருந்தால்தான் கூட்டம் நடக்கும்.

அடுத்தது மனு. திங்கள்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. ஆண்டுக்கொரு முறை வட்ட அலுவலகத்தில் ஜமாபந்தி. 1100 என்ற எண்ணில் முதல்வரின் உதவி மையம். 2025 ஜூலை 15-இல் 'உங்களுடன் ஸ்டாலின்' முகாம்களை முதலமைச்சர் தொடங்கி வைத்ததே நம்ம சிதம்பரத்தில்தான். நகரப் பகுதியில் 13 துறைகளின் 43 சேவைகள், ஊரகப் பகுதியில் 15 துறைகளின் 46 சேவைகள் என்று அந்த முகாம்களில் ஒரே இடத்தில் மனு வாங்கினார்கள். 45 நாளில் தீர்வு என்பது அறிவிப்பு. பல மேசைகளை ஒரே பந்தலுக்குள் கொண்டு வந்ததுதான் இதன் பயன். ஆனாலும் மனு சரியாக எழுதப்பட்டிருந்தால்தான் அதுவும் சரியான இடத்துக்குப் போகும்.

எப்படி எழுதுவது?

ஒரு மனுவில் ஒரு குறை மட்டும் எழுதுங்கள். பட்டாவும், ரேஷன் கார்டும், தெருவிளக்கும் ஒரே தாளில் இருந்தால் மூன்று துறையும் மற்ற துறை பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடும். நிலம் என்றால் புல எண், உட்பிரிவு எண், கிராமத்தின் பெயர். தெரு என்றால் வார்டு எண், பக்கத்தில் இருக்கிற அடையாளம். "நடவடிக்கை எடுக்கவும்" என்று பொதுவாக முடிக்காமல், "இந்த வடிகாலைத் தூர்வார வேண்டும்" என்று வேலையைச் சொல்லுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் விண்ணப்ப எண்ணும் ரசீதும் கட்டாயம்.

சாதிச் சான்றிதழில் ஒரு குழப்பம் எப்போதும் வரும். பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்குத் துணை வட்டாட்சியர், பட்டியலினத்தவருக்கு வட்டாட்சியர், பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர். இருளர் குடும்பத்துப் பிள்ளைகள் வட்ட அலுவலகத்துக்கும் கோட்ட அலுவலகத்துக்கும் அலைந்து, கல்லூரிச் சேர்க்கையின் கடைசி நாளைத் தவறவிட்டுவிடக் கூடாது. பத்தாம் வகுப்பு படிக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள். பக்கத்து வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் நீங்களே போய்ச் சொல்லுங்கள்.

பதிலே வரவில்லை என்றால்? தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய் கட்டணம். "இந்தத் தேதியில் நான் கொடுத்த மனு இப்போது யாரிடம் இருக்கிறது, என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது?" என்று கேளுங்கள். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு மாநிலத் தகவல் ஆணையம். இதில் சண்டை எதுவும் இல்லை. சட்டம் கொடுத்த வழி, அவ்வளவுதான்.

எம்.எல்.ஏ.வுக்கு வேலையே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. சட்டம் இயற்றுவது, நிதிநிலை அறிக்கையை விவாதிப்பது, நம்ம ஊருக்கு ஒரு பாலம் வேண்டும் என்று சட்டமன்றத்தில் கேட்பது அவருடைய வேலை. தெருச் சாக்கடைக்கு அவரைத் தேடிப் போனால் அவரும் நகராட்சி ஆணையரைத்தான் போனில் அழைப்பார். சாக்கடைக்குக் கவுன்சிலர், பாலத்துக்கு எம்.எல்.ஏ. என்று நாம் பிரித்துக் கேட்டால் இரண்டு பேரும் அவரவர் வேலைக்குப் பதில் சொல்ல வேண்டி வரும்.

கடைசியாக உங்களுக்கு ஒரு சின்ன வேலை. இன்று ராத்திரி வீட்டில் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள்: நம்ம ஊராட்சி அல்லது வார்டு எண், உறுப்பினர் பெயர், கிராம நிர்வாக அலுவலர் அலுவலகம் இருக்கும் இடம், மின்வாரியப் பிரிவு அலுவலகம், அடுத்த கிராமசபை தேதி. கேஸ் புத்தகம் வைத்திருக்கிற இடத்தில் அதையும் வையுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னாடி, உங்க தெரு வடிகாலைப் பற்றி ஒரு மனு, ஒரே ஒரு மனு, சரியான மேசையில் கொடுத்துப் பாருங்கள்.